அமைதியான நிலையங்களே அறுந்தன: ஐஇசி 104 இணைப்பு டைமர்கள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீரேற்று நிலையங்களைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் ஒரு கட்டுப்பாட்டு மையத்தில், ஏறத்தாழ இரண்டு மாத காலத்தில் நடந்தவற்றை இந்தப் பதிவு விவரிக்கிறது. அம்மையத்தின் ஸ்காடா (தொலைவுக் கண்காணிப்பு, கட்டுப்பாட்டு) மென்பொருளில் தகவல்தொடர்புப் பகுதியைப் பராமரிக்கும் சிறு குழுவில் நானும் ஒருவன். இதில் வரும் தவறுகளில் ஒன்றையாவது நானே ஒப்புதல் கொடுத்து நேரடிப் பயன்பாட்டில் உள்ள சர்வருக்கு அனுப்பினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மையத்தின் கீழ் 37 நிலையங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் உள்ள ஆர்டியூ என்ற தொலை முனையக் கருவி, பம்புகளின் நிலை, தொட்டிகளின் மட்டம், அழுத்தம் ஆகியவற்றை ஐஇசி 60870-5-104 (சுருக்கமாக ஐஇசி 104) நெறிமுறையில் மையத்துக்கு அனுப்புகிறது. ஆர்டியூ சர்வராக 2404 என்ற போர்ட்டில் காத்திருக்க, மையம் கிளையன்டாகச் சென்று டிசிபி இணைப்பை ஏற்படுத்தும். மதிப்பு மாறும்போது மட்டுமே ஆர்டியூ தரவை அனுப்பும் என்பதால், பெரிய நிலையங்களில் நொடிக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம்கள் (நெறிமுறையின் செய்தித் துண்டுகள்) வந்துகொண்டிருக்கும். சிறிய நிலையங்களில் நள்ளிரவில் பல நிமிடங்கள் எதுவுமே வராது. இந்த வேறுபாடு பின்னர் முக்கியமாகிறது.

தொடக்கத்தில் எல்லா நிலையங்களும் ஃபைபர் இணைப்பில் இருந்தன. புதிதாகச் சேர்ந்த 14 நிலையங்கள் சிம் மோடம் வழியாக மொபைல் நெட்வொர்க்கில் இணைக்கப்பட்டன. அவற்றை நிறுவிய ஒப்பந்ததாரர், டேட்டா செலவைக் குறைப்பதற்காக ஆர்டியூ பக்கத்தில் ஒரே ஒரு மதிப்பை மாற்றியிருந்தார். அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

நெறிமுறையில் உள்ள டைமர்கள்

இந்த நெறிமுறையில் நான்கு டைமர்கள் உள்ளன. டி0 என்பது இணைப்பு ஏற்படக் காத்திருக்கும் காலம். தரநிலையில் இயல்பு மதிப்பு 30 நொடி. டி1, அனுப்பிய ஃப்ரேமுக்கோ, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் சோதனை ஃப்ரேமுக்கோ ஒப்புகை (கிடைத்தது என்ற பதில்) வரக் காத்திருக்கும் காலம், 15 நொடி. அதற்குள் ஒப்புகை வராவிட்டால் அனுப்பியவர் இணைப்பை மூடிவிட வேண்டும். டி2, பெற்ற தரவுக்கு ஒப்புகையைத் தாமதப்படுத்தக்கூடிய அதிகபட்சக் காலம், 10 நொடி. டி3, எந்த ஃப்ரேமும் வராத நிலையில் சோதனை ஃப்ரேம் அனுப்புவதற்கு முன் காத்திருக்கும் காலம், 20 நொடி. இவற்றோடு இரண்டு எண்ணிக்கைகளும் உண்டு. ஒப்புகை பெறாமல் 12 தரவு ஃப்ரேம்கள் வரை அனுப்பலாம், அது கே. 8 தரவு ஃப்ரேம்களைப் பெற்றதும் டி2-க்குக் காத்திராமல் ஒப்புகை அனுப்பிவிட வேண்டும், அது டபிள்யூ. டபிள்யூ, கே-யின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரிந்துரை.

டி2 எப்போதும் டி1-ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதையும் தரநிலை சொல்கிறது. நாங்கள் பயன்படுத்திய லைப்ரரி இதைச் சரிபார்த்து, மீறினால் பிழை தரும். ஆனால் அது ஒப்பிடுவது நம் பக்கத்து டி2-ஐ நம் பக்கத்து டி1-உடன். உண்மையில் நம் டி2-க்கு எதிரே நிற்பது எதிர்முனையின் டி1. நம் டி1-க்கு எதிரே நிற்பது எதிர்முனையின் டி2. இந்த நெறிமுறையில் டைமர் மதிப்புகள் கம்பியின் வழியே பரிமாறப்படுவதில்லை. இணைய ரவுட்டர்கள் பயன்படுத்தும் பிஜிபி நெறிமுறையில் இரு தரப்பும் ஹோல்டு டைமரை அறிவித்துச் சிறியதை எடுத்துக்கொள்கின்றன; இணையதளங்களுக்குப் பயன்படும் குவிக் நெறிமுறையிலும் சும்மா இருக்கும் கால வரம்பில் சிறியதே செல்லும். இங்கோ, தரநிலையில் உள்ள இசைவு அட்டவணையில் 'தேர்ந்த மதிப்பு' என்ற கட்டத்தை இரு தரப்பும் தாளில் நிரப்பி ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் கோப்பில் இருந்த அட்டவணைகளில் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருந்தது.

முதல் மாற்றம்

மொபைல் நிலையங்களில் ஓர் இரவுக்கு ஆறு முதல் எட்டு இணைப்புத் துண்டிப்பு அலாரங்கள் வந்தன. அறுந்த இணைப்பு 30 நொடிகளுக்குள் மீளாவிட்டால் மட்டுமே அலாரம் ஒலிக்கும்படி திரை அமைக்கப்பட்டிருந்தது. அதற்குள் மீண்டவை பதிவேட்டில் ஒரு வரியாக மட்டும் விழும். இரவுப் பணி ஆபரேட்டர்கள் சலிப்படைந்திருந்தார்கள். எங்கள் குழுவின் பொறியாளர் பதிவேட்டைப் பார்த்து, சோதனை ஃப்ரேமுக்கான பதில் 15 நொடிக்குள் வராததே காரணம் என்று சரியாகவே கண்டுபிடித்தார்.

அதன்பின் அவர் பரிந்துரைத்ததும் நான் ஒப்புக்கொண்டதும் இதுதான்: மையத்தில் டி1-ஐ 60 நொடியாக உயர்த்துவது, அடிக்கடி சோதிப்பதால்தானே அடிக்கடி தோல்வி தெரிகிறது என்ற எண்ணத்திலும், டேட்டாவும் மிச்சமாகும் என்ற எண்ணத்திலும், டி3-ஐ 600 நொடியாக்குவது. பாதையில் உண்மையில் எவ்வளவு தாமதம் இருக்கிறது என்று நாங்கள் அளக்கவில்லை. 15 போதவில்லை, அதனால் 60 என்பது மட்டுமே எங்கள் கணக்கு.

அலாரங்கள் ஏறத்தாழ நின்றுவிட்டன. ஆபரேட்டர்கள் நன்றி சொன்னார்கள். இணைப்பு மேம்பட்டுவிட்டது என்று வாராந்தர அறிக்கையிலும் எழுதினோம்.

இரவு 2.41

ஒன்பதாம் நாள் காலையில் இரவுப் பணி ஆபரேட்டர் எங்களை அழைத்தார். "சார், பம்பு நின்ற அலாரம் எனக்கு 2.46-க்குத்தான் வந்தது. ஆனால் அதற்குள் பதிந்திருக்கும் நேரம் 2.41 என்கிறது. அதுவரை திரையில் பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது" என்றார். அந்த நிலையத்தில் ஏற்றுபம்பு நின்றால் சேகரிப்புத் தொட்டி நான்கு நிமிடங்களில் நிரம்பிவிடும். அன்று நிரம்பி வழிந்தது, பெரிய சேதமில்லை.

பதிவேட்டையும் ஆர்டியூவின் நேர முத்திரைகளையும் அடுத்தடுத்து வைத்தபோது நடந்தது தெளிவானது. 02:35:40-க்கு அந்த நிலையத்திலிருந்து கடைசி ஃப்ரேம் வந்தது. அதன்பின் இரு பக்கமும் அமைதி. மொபைல் சேவையாளரின் நுழைவாயிலில் இருந்த ஃபயர்வால், பேச்சில்லாத இணைப்பை ஐந்து நிமிடங்களில் தன் அட்டவணையிலிருந்து நீக்கிவிடும். நீக்கியதை எவருக்கும் அறிவிக்காது. அதாவது 02:40:40-இல் பாதை செத்துவிட்டது. 02:41:18-இல் பம்பு நின்றது. ஆர்டியூ அனுப்பிய ஃப்ரேம் ஃபயர்வாலில் விழுந்து மறைந்தது; 15 நொடி காத்திருந்து ஆர்டியூ இணைப்பை மூடியது; அந்த மூடல் செய்தியும் அதே இடத்தில் மறைந்தது. மையமோ 600 நொடி முடியும் வரை எதையும் சோதிக்கவில்லை. 02:45:40-க்குச் சோதனை ஃப்ரேம் அனுப்பியது, 60 நொடி காத்திருந்தது, 02:46:40-க்கு மூடியது, மூன்று நொடிகளில் மீண்டும் இணைந்தது. ஆர்டியூ தன் நினைவகத்தில் வைத்திருந்த நிகழ்வு அப்போதுதான் வந்து சேர்ந்தது. தாமதம் 5 நிமிடம் 25 நொடி.

மூன்று நொடிகளில் மீண்டதால் துண்டிப்பு அலாரம் இல்லை. பழைய பதிவேட்டைப் புரட்டினால், அமைதியான நிலையங்கள் ஒவ்வோர் இரவும் 11 நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி அறுந்து மீண்டிருப்பது வரிசையாகத் தெரிந்தது. அந்த 11 நிமிடங்களில் கடைசி 6 நிமிடங்கள் மையம் குருடாக இருந்திருக்கிறது. திரையிலோ எல்லா மதிப்புகளும் செல்லுபடியானவை என்ற நிறத்திலேயே நின்றிருக்கின்றன.

ஐந்து நிமிடம் என்பதைச் சேவையாளரிடம் கேட்பதற்கு முன் நாங்களே அளந்தோம். ஒரு சோதனை மோடத்துடன் இணைப்பை ஏற்படுத்தி, வெவ்வேறு கால அளவுகளுக்குப் பேசாமல் விட்டுப் பார்த்தோம். 4 நிமிடம் 50 நொடிக்குப் பிறகு பேசினால் பதில் வந்தது. 5 நிமிடம் 10 நொடிக்குப் பிறகு வரவில்லை.

ஒரு கேள்வி மிஞ்சியது. மையம் சும்மா இருந்தாலும், ஆர்டியூவும் தன் டி3-இன்படி 20 நொடிக்கு ஒருமுறை சோதனை ஃப்ரேம் அனுப்பியிருக்க வேண்டுமே? சோதிப்பது கிளையன்டின் வேலை மட்டுமல்ல. இரு முனைகளும் தத்தம் டி3-ஐ ஓட்டுகின்றன. ஆர்டியூவின் அமைவுப் பக்கத்தைத் திறந்தபோதுதான் அங்கே 900 என்று இருந்தது. ஒப்பந்ததாரர் மாற்றிய ஒரே மதிப்பு அதுதான். மையத்தின் டி3 20 ஆக இருந்த வரை, வந்து சேரும் ஒவ்வொரு சோதனை ஃப்ரேமும் ஆர்டியூவின் டைமரைத் திரும்பத் தொடங்க வைத்ததால், அந்த 900-இன் விளைவு ஒருபோதும் வெளிப்படவில்லை. நாங்கள் 600 ஆக்கிய நாளில் அந்த மூடி அகன்றது.

இரண்டாவது மாற்றம்

அன்றே டி3-ஐ 120 ஆக்கினோம். ஃபயர்வாலின் 300-ஐவிட அது வசதியாகக் குறைவு. இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சோதனை ஃப்ரேம்கள் கூடுவதால் ஏறும் டேட்டாவை ஒப்புகை ஃப்ரேம்களைக் குறைத்து ஈடுகட்டலாம் என்று யோசித்து, அதே வெளியீட்டில் மையத்தின் டி2-ஐ 10-லிருந்து 14 ஆக்கினோம். இம்முறை பொறியாளர் கவனமாகவே இருந்தார். ஆர்டியூ கையேட்டில் டி1 15 நொடி என்று பார்த்து, 14 அதைவிடக் குறைவு என்று உறுதி செய்துகொண்டார். லைப்ரரியும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. அதன் பார்வையில் 14 என்பது நம் டி1 ஆன 60-ஐவிட எவ்வளவோ குறைவு. சோதனை மேசையில் ஆர்டியூவைப் போல் நடிக்கும் சிமுலேட்டருடன் ஒரு நாள் முழுக்க ஓட்டியும் ஒருமுறைகூட அறவில்லை. மேசையில் இருந்த பாதைத் தாமதம் ஒரு மில்லி நொடிக்கும் குறைவு.

முந்தைய நிகழ்வுக்குப் பிறகு, அலாரம் ஒலிக்காத துண்டிப்புகளையும் நிலையவாரியாக எண்ணும் பழக்கத்தைத் தொடங்கியிருந்தோம். இரண்டு நாட்களில் ஐந்து மொபைல் நிலையங்களில் எண்ணிக்கை ஏறியது. ஒவ்வொரு மறு இணைப்பிலும் பொது விசாரணை (எல்லா மதிப்புகளையும் ஒருசேரக் கேட்கும் கட்டளை) நடந்து எல்லா மதிப்புகளும் மீண்டும் வருவதால், மிச்சப்படுத்த நினைத்த டேட்டா அந்த நிலையங்களில் கூடவே செய்தது.

சிக்னல் மீது விழுந்த பழி

அந்த ஐந்தும் தொலைவான, சிறிய நிலையங்கள். சிக்னலும் அங்கே பலவீனம். எனவே எவரும் டைமரைச் சந்தேகிக்கவில்லை. இரண்டு இடங்களில் ஆன்டெனாவை மாற்றினார்கள். சிக்னல் அளவு சற்று உயர்ந்தது, துண்டிப்புகள் குறையவில்லை.

இந்தத் தவறான முடிவுக்கு எங்கள் லைப்ரரியின் ஓர் இயல்பும் துணைபோனது. அது டைமர் மதிப்புகளை இணைப்பு தொடங்கும் தருணத்தில் ஒருமுறை படித்து நகலெடுத்துக்கொள்கிறது. அமைவுக் கோப்பை மாற்றி மறுபடி ஏற்றினாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு பழைய மதிப்புகளிலேயே ஓடும். ஆகவே அடிக்கடி அறுகிற நிலையங்கள் உடனே புதிய டி2-க்கு மாறின, மேலும் மோசமாயின. அறாமல் இருந்த நிலையங்கள் பழைய 10-இலேயே நலமாகத் தொடர்ந்தன. மோசமான சிக்னல் உள்ளவை அறுகின்றன, நல்ல சிக்னல் உள்ளவை அறவில்லை என்ற தோற்றத்தை எங்கள் மாற்றமே உருவாக்கியது. இயங்கும் இணைப்பு இப்போது எந்த மதிப்பில் ஓடுகிறது என்பதைக் காட்டும் வசதி எங்கள் மென்பொருளில் எங்குமே இல்லை.

பன்னிரண்டாம் நாள், இயங்குதளப் புதுப்பிப்புக்காகச் சேவை முழுவதும் நிறுத்தி இயக்கப்பட்டது. எல்லா இணைப்புகளும் புதிய மதிப்புகளில் எழுந்தன. அன்றிரவே, நல்ல சிக்னல் உள்ள மேலும் நான்கு மொபைல் நிலையங்கள் பட்டியலில் சேர்ந்தன. அதே நேரத்தில், முதல் ஐந்தில் ஒன்றுக்கு மிக அருகில் அதைவிடப் பலவீனமான சிக்னலில் இயங்கிய ஒரு பெரிய நிலையம் ஒருமுறைகூட அறவில்லை. ஒன்பது நிலையங்களுக்கும் பொதுவானது சிக்னல் அல்ல. அவை குறைவாகப் பேசுபவை என்பதுதான். பகலில், பம்புகள் மாறி மாறி ஓடும் நேரங்களில், அவையும் நன்றாகவே இருந்தன.

பாக்கெட் பதிவில் கண்டது

மையத்தில் எடுத்த பாக்கெட் பதிவு குழப்பத்தைக் கூட்டவே செய்தது. 03:12:07.31-க்கு ஆர்டியூவிடமிருந்து ஒரு தரவு ஃப்ரேம் வருகிறது. மையத்தின் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) உடனே டிசிபி ஒப்புகை அனுப்புகிறது. 03:12:21.31-க்கு, சரியாக 14 நொடி கழித்து, மையத்தின் நெறிமுறை ஒப்புகை, அதாவது 68 04 01 00 என்று தொடங்கும் ஆறு பைட் ஃப்ரேம் கிளம்புகிறது. 03:12:22.31-க்கு ஆர்டியூ இணைப்பை மூடுகிறது. ஒப்புகை போன ஒரு நொடியில் காரணமின்றி மூடுகிறதே, ஆர்டியூவில்தான் கோளாறு என்று குழுவில் ஒருவர் சொன்னார். ஆர்டியூ தயாரிப்பாளரின் பொறியாளருக்கு அந்தத் தொனியிலேயே ஒரு கடிதமும் போனது.

அவர் பொறுமையாக ஒன்று கேட்டார்: ஆர்டியூ பக்கத்திலும் பதிவு எடுத்தீர்களா? ஒரு பணியாளர் நிலையத்துக்குச் சென்று, மோடத்துக்கும் ஆர்டியூவுக்கும் நடுவே பதிவுக் கருவியை வைத்தார். இரு கடிகாரங்களும் என்டிபி மூலம் ஒத்திசைந்திருந்தன. அந்தப் பக்கத்தின் கதை வேறு. ஃப்ரேம் ஆர்டியூவை விட்டுக் கிளம்பியது 03:12:07.02-க்கு. அதன் டி1 முடிந்து மூடல் கிளம்பியது 03:12:22.02-க்கு. நம் ஒப்புகை வந்து சேர்ந்தது 03:12:22.19-க்கு. இரண்டும் வழியில் ஒன்றையொன்று கடந்திருக்கின்றன. 170 மில்லி நொடி தாமதம்.

டி1-இன் கடிகாரம் ஓடத் தொடங்குவது அனுப்பியவர் கையிலிருந்து ஃப்ரேம் கிளம்பும்போது. டி2-இன் கடிகாரம் ஓடத் தொடங்குவது பெறுபவர் கையில் அது விழும்போது. இடையில் போகும் பயணமும் திரும்பும் பயணமும் டி1-இன் கணக்கில் சேர்கின்றன, டி2-இன் கணக்கில் சேர்வதில்லை. 15-க்கும் 14-க்கும் நடுவே நாங்கள் விட்டிருந்த ஒரே ஒரு நொடி முழுப் பயணத்துக்கும் போதுமானதாக இருக்க வேண்டியிருந்தது.

நல்ல சிக்னலில்கூட அது போதாததற்குக் காரணம் மோடத்தின் இயல்பு. எல்டிஇ (4ஜி) நெட்வொர்க்கில் சில நொடிகள், பல இடங்களில் சுமார் 10 நொடி, பேச்சில்லாமல் போனால் மோடம் ஓய்வு நிலைக்குச் சென்றுவிடும். அதன்பின் அதற்கு ஏதாவது வந்தால், நெட்வொர்க் அழைக்கும் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சுழற்சி 0.32 முதல் 2.56 நொடி வரை அமைக்கப்படலாம். எங்கள் 14 நொடி டி2, ஒப்புகை ஒவ்வொரு முறையும் உறங்கிப்போன மோடத்தின் கதவைத் தட்டும்படி நேரம் பார்த்து அனுப்பியது போலாயிற்று. மேலே சொன்ன பதிவில் தரவு மையத்துக்கு வர 290 மில்லி நொடி ஆனது. ஒப்புகை ஆர்டியூவுக்குப் போக 880 ஆனது.

அதிகம் பேசும் நிலையங்கள் தப்பியதற்கும் இதுவே விளக்கம். 14 நொடிக்குள் எட்டு ஃப்ரேம்கள் வந்துவிட்டால் டபிள்யூ முந்திக்கொண்டு ஒப்புகையை அனுப்பிவிடுகிறது. டி2 முடிவதற்கு வாய்ப்பே இல்லை. மோடமும் உறங்குவதில்லை. டி2-ஐ நீட்டி டேட்டாவை மிச்சப்படுத்தும் திட்டம் எவ்வளவு வீண் என்பதும் இங்கேதான் புரிந்தது. ஃப்ரேம்கள் குவியும் இடத்தில் ஒப்புகையின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது டபிள்யூ. ஃப்ரேம் எப்போதாவது ஒன்று வரும் இடத்தில் மிச்சப்படுத்த எதுவுமில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இம்முறை எண்ணிலிருந்து தொடங்காமல், ஒரு பம்பு நின்ற செய்தி எவ்வளவு நேரத்துக்குள் திரையில் தெரிய வேண்டும் என்று இயக்கப் பிரிவைக் கேட்டோம். தொட்டி நான்கு நிமிடத்தில் நிரம்பும், மாற்றுப் பம்பை இயக்க இரண்டரை நிமிடம் வேண்டும், எனவே 90 நொடி என்றார்கள். செத்த பாதையை மையம் உணர ஆகும் அதிகபட்ச நேரம் டி3-உம் டி1-உம் சேர்ந்தது. ஆகவே அவற்றின் கூட்டுத்தொகை 90-ஐத் தாண்டக் கூடாது என்பது முதல் வரம்பாயிற்று.

டி1-க்கு எது சரியான மதிப்பு என்பதில்தான் அதிக நேரம் செலவிட்டோம். ஒரு வாரம் அளந்ததில், மோடம் விழிக்கும் நேரத்தையும் சேர்த்து, பாக்கெட் தொலையாத பயணங்களில் மிக நீண்டது 4.8 நொடி. அப்படியானால் 15 தாராளமாகப் போதுமே, முதன்முதலில் ஏன் அறுந்தது? நெறிமுறை டிசிபியின் மேல் ஓடுவதால், தொலைந்த பாக்கெட் இழப்பாகத் தெரிவதில்லை, தாமதமாகத்தான் தெரியும். டிசிபி மறுபடி அனுப்பும் இடைவெளி ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும். முதல் இடைவெளி சுமார் 1 நொடி என்றால், மறு அனுப்புதல்கள் முதல் முயற்சியிலிருந்து 1, 3, 7, 15, 31 ஆகிய நொடிகளில் நிகழும். சிக்னல் சற்று நேரம் மங்கி முதல் மூன்றும் வீணானால், நான்காவது கிளம்புவது 15-ஆவது நொடியில், அதாவது டி1 முடிந்து இணைப்பை மூடும் அதே தருணத்தில். இயல்பு மதிப்பு எங்கள் பாதையில் மிக மோசமான இடத்தில் விழுந்திருந்தது. நான்காவது முயற்சியும் அதன் பதிலும் உள்ளே வர 20 போதும். அதற்கு மேல் 25 வைத்தாலும் 30 வைத்தாலும் கூடுதல் முயற்சி ஒன்றும் கிடைக்காது. அடுத்த பயனுள்ள மதிப்பு 31-ஐத் தாண்டித்தான். எனவே இரு முனைகளிலும் டி1 20.

மையத்தின் டி2-ஐ 4 ஆக்கினோம். ஆர்டியூவின் 20-இல் 4 போக 16 நொடி பயணத்துக்கு மிஞ்சுகிறது. நான்காவது மறு அனுப்புதலும் அதற்குள் அடங்கும். தவிர, நான்கு நொடியில் மோடம் இன்னும் உறங்கியிருக்காது.

டி3 மையத்தில் 60, ஆர்டியூவில் 75. மையமே வழக்கமாக முதலில் சோதிக்கும். மையம் இல்லாமற்போனால் ஆர்டியூ தானாக உணர்ந்து, செத்த இணைப்பை விடுவித்துக்கொள்ளும். 60-உம் 20-உம் சேர்ந்து 80, வரம்புக்குள்.

டேட்டா கணக்கையும் அப்போதுதான் முதன்முறையாகப் போட்டோம். சோதனை ஃப்ரேம் ஆறு பைட், 68 04 43 00 00 00; பதில் 68 04 83 00 00 00. ஐபி, டிசிபி தலைப்புகள் 40 பைட்டையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் 46, இறுதியில் ஒரு டிசிபி ஒப்புகை 40, மொத்தம் 132. டி3 60 எனில் நாளொன்றுக்கு அதிகபட்சம் 1,440 முறை, அதாவது மாதத்துக்குச் சுமார் 5.7 எம்பி. 600 எனில் 0.57 எம்பி. ஒரு நிலையத்துக்கு மாதம் ஐந்து எம்பியை மிச்சப்படுத்தவே நாங்கள் ஆறு நிமிடக் குருட்டுத்தனத்தை வாங்கியிருக்கிறோம்.

இவற்றுக்குப் பதிலாக சும்மா இருக்கும் இணைப்பைத் தானே சோதிக்கும் டிசிபியின் கீப்அலைவ் வசதியை இயக்கலாமே என்ற யோசனையும் வந்தது. லினக்ஸில் அதன் இயல்புக் காத்திருப்பு 7,200 நொடி, அதைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனாலும் ஏற்கவில்லை. கீப்அலைவுக்குப் பதில் சொல்வது எதிர்முனையின் கெர்னல். ஆர்டியூவின் நிரல் உறைந்து கிடந்தாலும் அது பதில் சொல்லும். சோதனை ஃப்ரேமுக்கு நிரலே பதில் சொல்ல வேண்டும்.

பின்னர் நடந்தது

புதிய மதிப்புகளை முதலில் மூன்று நிலையங்களில், பின் பதினொன்றில் ஏற்றினோம். ஒவ்வொரு முறையும் இணைப்பை வேண்டுமென்றே மூடித் திறந்தோம். எல்லா இணைப்புகளையும் ஒரே நொடியில் மூடித் திறந்தால் பொது விசாரணைகள் குவிந்துவிடும் என்பதால் இடைவெளி விட்டுச் செய்தோம். ஒன்பது நிலையங்களிலும் டி2-ஆல் விளைந்த துண்டிப்புகள் நின்றன. எஞ்சியவை ஓர் இரவுக்கு ஒன்று அல்லது இரண்டு. அவை மோடம் நெட்வொர்க்கில் மறுபடி பதிவாகும் நேரங்களோடு பொருந்தின.

மென்பொருளில் மூன்று மாற்றங்கள் செய்தோம். அமைவுக் கோப்பில் ஒவ்வொரு நிலையத்துக்கும் எதிர்முனையின் டி1, டி2, டி3 மதிப்புகளையும் பாதையின் அளந்த தாமதத்தையும் எழுதுவது கட்டாயமாயிற்று. நம் டி2-உடன் பாதைத் தாமதத்தைக் கூட்டினால் அவர்களின் டி1-ஐ எட்டுமானால் சேவை தொடங்க மறுக்கும். இயங்கும் இணைப்பு எந்த மதிப்புகளில் ஓடுகிறது என்பதைக் கண்காணிப்புப் பக்கம் காட்டுகிறது. கடைசி ஃப்ரேம் வந்து எத்தனை நொடி ஆயிற்று என்பது ஒவ்வொரு நிலையத்தின் பெயருக்கு அருகிலும் தெரிகிறது. 90-ஐத் தாண்டினால் மதிப்புகள் நிறம் மாறுகின்றன. ஆபரேட்டர்கள் இந்த மூன்றில் கடைசியைத்தான் பொருட்படுத்துகிறார்கள்.

சோதனை மேசையில் சிமுலேட்டருக்கும் மையத்துக்கும் நடுவே, தாமதத்தையும் இழப்பையும் செயற்கையாகச் சேர்க்கும் லினக்ஸின் நெட்எம் வசதியை வைத்திருக்கிறோம். 14 நொடி டி2-ஐ அங்கே மறுபடி ஓட்டிப் பார்த்தோம். முழுப் பயணத்துக்கு 1.2 நொடி தாமதம் கொடுத்ததும், தனித்து வந்த முதல் தரவு ஃப்ரேமிலேயே இணைப்பு அறுந்தது. அன்று இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

மீண்டும் செய்ய நேர்ந்தால்

இரண்டு டைமர்களை ஒரே வெளியீட்டில் மாற்ற மாட்டேன். டி3-ஐ மட்டும் திருத்தியிருந்தால் இந்தப் பதிவின் பாதி இருந்திருக்காது. துண்டிப்பு அலாரம் குறைவதை இணைப்பு மேம்பட்டதற்கான அளவுகோலாகவும் கொள்ள மாட்டேன். முதல் மாற்றத்துக்குப் பின் நாங்கள் எண்ணியது ஒலித்த அலாரங்களை மட்டும்தான். ஆர்டியூ தயாரிப்பாளருக்கு எழுதிய கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்டு மறு கடிதம் எழுதியிருக்கிறேன்.

தீராத ஒன்று உள்ளது. மொபைல் நிலையங்களில் மூன்றின் ஆர்டியூக்கள் பழைய தயாரிப்பு. அவற்றில் டி1 15 என்பது ஃபர்ம்வேரிலேயே பதிந்தது, மாற்ற வழியில்லை. அங்கே மையத்தின் 4 போகப் பயணத்துக்கு 11 நொடிதான் மிஞ்சுகிறது. மூன்றாவது மறு அனுப்புதல் வரை தாங்கும், நான்காவதைத் தாங்காது. மழை வலுக்கும் இரவுகளில் அவை இன்னும் அறுகின்றன. டி2-ஐ 1 ஆக்கினாலும் நான்காவது முயற்சியின் 15-ஆவது நொடி எட்டாது என்பதால் மதிப்பை அப்படியே விட்டிருக்கிறோம். அந்த மூன்றின் பெயருக்கு எதிரே இந்தக் காரணத்தை அமைவுக் கோப்பிலேயே குறிப்பாக எழுதி வைத்திருக்கிறோம்.